ஸ்பின் வால்வில் எந்த அடுக்கு எத்தனை நானோமீட்டர்? மெஷினுக்குப் போகும் முன்னே போட வேண்டிய கணக்கு

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஸ்பின் வால்வ் எடுக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுறேன். ஸ்பின் வால்வ்னா ஒண்ணுமேல ஒண்ணாப் போட்ட மெல்லிய உலோகப் படலங்கள், காந்தப்புலத்துக்கு ஏத்தபடி அதோட மின்தடை மாறும். நான் வேலை பார்க்கிறது மதுரையில திருமங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி. எங்ககிட்ட ஸ்பட்டரிங் மெஷின் (வெற்றிடத்துல அயனிகளை மோதவிட்டு உலோகத்தைப் படலமாப் படிய வைக்கிறது) கிடையாது. வெளியூர் ஆய்வகத்துல ஒரு நாள் கேட்டு வாங்கி, படலங்களைப் போட்டு எடுத்துட்டு வருவோம். அளக்கிறதும் அலசுறதும் இங்க. ஒரு நாள்ல ஒரு டஜன் சாம்பிள் போட்டாலே பெருசு. அதனால எந்த அடுக்கு எவ்வளவு தடிமன்கிறது மாட்டுத்தாவணியில பஸ் ஏறும் முன்னே தாள்ல முடிவாகி இருக்கணும். "அங்க போய்ப் பாத்துக்கலாம் மேடம்"னு சொல்ற பையன்களை நான் அனுப்புறதே இல்லை.

கையில வச்சுக்க வேண்டிய அடிப்படை அடுக்கு இது. எல்லாம் நானோமீட்டர்ல, கீழிருந்து மேலே: ஆக்சைடு வளர்த்த சிலிக்கான் தட்டு, அதுமேல டான்டலம் 5, பெர்மலாய் (நிக்கல்-இரும்புக் கலவை) 4, கோபால்ட்-இரும்பு 1, காப்பர் 2.2, கோபால்ட்-இரும்பு 2.5, இரிடியம்-மாங்கனீஸ் 8, மூடியா டான்டலம் 3. காப்பருக்குக் கீழே இருக்கிற பெர்மலாயும் அதை ஒட்டின கோபால்ட்-இரும்பும் சேர்ந்து சுதந்திர அடுக்கு. அதோட காந்தத் திசை சில ஓர்ஸ்டெட் (காந்தப்புலத்தோட அலகு) புலத்துக்கே திரும்பிடும். காப்பருக்கு அங்கிட்டு இருக்கிற கோபால்ட்-இரும்பை இரிடியம்-மாங்கனீஸ் ஒரே திசையில பிடிச்சு வச்சிருக்கு. அது பின் அடுக்கு (pin, ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறது). ரெண்டும் ஒரே திசையில இருந்தா தடை குறைவு, எதிரெதிரா இருந்தா அதிகம். அந்த வித்தியாசத்தைக் குறைந்த தடையால வகுத்து நூறால பெருக்கினா நாம தேடுற சதவீதம்.

இந்த விளைவை, அதாவது மாபெரும் காந்தத் தடைமாற்றத்தை (GMR), 1988-ல பிரான்ஸ்ல ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும் ஜெர்மனியில பீட்டர் குரூன்பெர்க் குழுவும் தனித்தனியா இரும்பு-குரோமியம் அடுக்குகள்ல கண்டாங்க, 2007-ல நோபல். ஆனா அந்த அடுக்குகளைத் திருப்பப் பெரிய புலம் வேணும். 1991-ல ஐ.பி.எம். ஆய்வகத்துல டியெனியும் கூட இருந்தவங்களும் அடுக்குகளுக்கு இடையே இருந்த பிடிப்பை விலக்கி, ஒண்ணை மட்டும் இரும்பு-மாங்கனீஸால கட்டிப்போட்டாங்க. ஸ்பின் வால்வ் பிறந்தது அப்படித்தான். அவங்க வெளியிட்ட அடுக்கைப் பாருங்க: பெர்மலாய் 15, காப்பர் 2.6, மறுபடி பெர்மலாய் 15, இரும்பு-மாங்கனீஸ் 10, மேல வெள்ளி 2. இன்னைக்கு யாரும் 15 வைக்கிறதில்லை. ஏன் வைக்கிறதில்லைன்னு உங்களால சொல்ல முடிஞ்சா வைவாவுல பாதிக் கேள்வி முடிஞ்சது.

சதவீதத்தைப் பிரிச்சுப் பாருங்க

இந்தப் பதிவுல நான் அழுத்திச் சொல்ல விரும்புறது ஒண்ணுதான். தடிமனை மாத்தினா சதவீதம் மாறும். ஆனா எதனால மாறுச்சுன்னு சதவீதம் சொல்லாது. ரெண்டு வேலை ஒரே நேரத்துல நடக்குது. ஒண்ணு, ஸ்பினை (எலக்ட்ரானோட சொந்தக் காந்தத் திசையை)ப் பொறுத்து எலக்ட்ரான் சிதறுற அளவு. இன்னொண்ணு, அந்தச் சிதறலுக்கு மாட்டாம வெறுமனே பக்கத்து அடுக்கு வழியா ஓடிப்போற மின்னோட்டம். தேரோட்டத்தன்னைக்கு மாசி வீதியில நகர முடியாம நிக்கிறப்ப, வெளி வீதியைப் பிடிச்சுப் போறவனுக்குத் தேர் எந்த முக்குல நிக்குதுன்னே தெரியாது. வெளி வீதி அகலமாக அகலமாக மாசி வீதி நெரிசல் ஊர்க் கணக்குல சின்னதாத் தெரியும். இந்தப் பக்கவழி ஓட்டத்தைத்தான் ஷன்டிங்னு சொல்றோம்.

இதுக்கு ஒரு குறுக்குக் கணக்கு இருக்கு. மின்தடை எண்ணை மைக்ரோ ஓம் சென்டிமீட்டர்ல எடுத்து, 10-ஆல பெருக்கி, நானோமீட்டர் தடிமனால வகுத்தா, சதுரத்துக்கு இத்தனை ஓம்னு ஷீட் ரெசிஸ்டன்ஸ் வந்துடும். அதைத் தலைகீழாக்கினா கடத்தல், அதோட அலகு சீமென்ஸ். மெல்லிய படலத்துல மின்தடை எண் மொத்த உலோகத்துல இருக்கிறதைவிட அதிகம். காப்பருக்கு புத்தகத்துல 1.7 போட்டிருக்கும், ரெண்டு நானோமீட்டர் காப்பருக்கு 10-ன்னு வைங்க. பெர்மலாய்க்கு 25, கோபால்ட்-இரும்புக்கு 20, டான்டலத்துக்கும் இரிடியம்-மாங்கனீஸுக்கும் 200. எல்லாம் தோராயம்தான், ஆனா திட்டம் போட இது போதும்.

மேல சொன்ன அடுக்குக்குப் போட்டா: கீழ் டான்டலம் 2.5 மில்லி சீமென்ஸ், பெர்மலாய் 16, ரெண்டு கோபால்ட்-இரும்பும் சேர்த்து 17.5, காப்பர் 22, இரிடியம்-மாங்கனீஸ் 4, மூடி 1.5. கூட்டினா 63.5. தலைகீழா, சதுரத்துக்கு 16 ஓம் பக்கம். அடுக்குகளைத் தனித்தனி ரெசிஸ்டரா நினைக்கிறது கண்டிப்பா சரியில்லை. எலக்ட்ரான் ஒரு அடுக்குல இருந்து இன்னொண்ணுக்குத் தாண்டுறதுனாலதான் இந்த விளைவே இருக்கு. ஆனாலும் ஷன்டிங் எவ்வளவு தின்னும்னு மதிப்பிட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இப்ப பாருங்க. 16 ஓம், 8% மாற்றம்னு வச்சுக்குவோம். எதிரெதிர் நிலையில 17.28 ஓம். கடத்தல்ல சொன்னா 62.5-ம் 57.87-ம், வித்தியாசம் 4.63 மில்லி சீமென்ஸ். இதுல காப்பரை 1 நானோமீட்டர் கூட்டுங்க. சிதறல்ல ஒரு மாற்றமும் இல்லைன்னு வச்சுக்கிட்டாலும் ரெண்டு கடத்தலோடயும் 10 கூடும்: 72.5, 67.87. வித்தியாசம் அதே 4.63. சதவீதம்? 6.8. இயற்பியல் எதுவும் மாறாம ஒரு சதவீதத்துக்கு மேல போயிடுச்சு. அதே கணக்குல பெர்மலாயை 4-ல இருந்து 12 ஆக்குங்க, 32 மில்லி சீமென்ஸ் கூடும், 8% என்கிறது 5.2-க்கு இறங்கும். 15 நானோமீட்டர் ஏன் இல்லைங்கிற கேள்விக்குப் பதில் இதுல இருக்கு. டான்டலம் 5 வச்சாலும் 6 வச்சாலும் பெருசா ஒண்ணும் ஆகாதுங்கிறதும் இதுலயே தெரியும்.

அதனால சாம்பிள் அட்டவணையில சதவீதத்துக்குப் பக்கத்துல கடத்தல் வித்தியாசத்துக்குன்னு ஒரு பத்தி கண்டிப்பா வேணும். தடிமனைப் பொறுத்து அது மாறினா சிதறல் மாறியிருக்கு. மாறாம சதவீதம் மட்டும் இறங்கினா ஷன்டிங்.

காப்பர்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய அடுக்கு இது. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "மேடம், காப்பர் மெலிய மெலிய சதவீதம் கூடும்ல? அப்ப 1 நானோமீட்டரே வச்சிடலாமே?" கணக்குப்படி கேள்வி சரி. காப்பர் தடிமன் கூடினா சதவீதம் அடுக்குக்குறியா இறங்கும், ஷன்டிங் அதுக்கு மேல இன்னும் இறக்கும். அப்ப மெலிசாப் போனா ஏறிக்கிட்டே போகணும். ஆனா 2 நானோமீட்டருக்குக் கீழ போகப் போக சதவீதம் சடார்னு விழும். அங்க எலக்ட்ரான் மேல பழி போடாதீங்க. விழுறதுக்குக் காரணம் எதிரெதிர் நிலையே வராததுதான்.

2.2 நானோமீட்டர் காப்பர்னா சுமார் பத்து அணுத்தளம். ஒரு தளம் 0.209 நானோமீட்டர். அதை இன்னும் மெலிசாக்கினா மூணு வம்பு வரும். படலத்துல ஓட்டை விழுந்து ரெண்டு காந்த அடுக்கும் நேரா ஒட்டிக்கும். ரெண்டாவது, மேடு பள்ளம்: கீழ் அடுக்கோட அலை மேல் அடுக்குலயும் அப்படியே வர்றதால ரெண்டும் ஒரே திசையில இருக்கப் பார்க்கும். ஆரஞ்சுத்தோல் பிணைப்புன்னு இதைச் சொல்வாங்க, காப்பர் தடிமன் கூடக் கூட வேகமா மறையும். மூணாவது, தடிமனைப் பொறுத்து ஒரே திசை, எதிர்த் திசைன்னு மாறி மாறி வர்ற அலைவுப் பிணைப்பு. 1990-ல ஐ.பி.எம்.-ல ஸ்டூவர்ட் பார்க்கின் குழு உலோக அடுக்குகள்ல காட்டினது. கோபால்ட்-காப்பர்ல எதிர்த் திசைப் பிணைப்போட உச்சங்கள் 0.9, 2, 3 நானோமீட்டர் பக்கம் வரும், அதாவது 1 நானோமீட்டருக்கு ஒரு சுற்று.

எந்த வம்புன்னு பிரிக்க, சுதந்திர அடுக்கை மட்டும் திருப்புற சின்ன வளையத்தை (புலத்தை ஏத்தி இறக்கித் தடையை வரைஞ்சா வர்ற கோடு) அளந்து, அதோட நடுப்புள்ளி பூச்சியத்துல இருந்து எத்தனை ஓர்ஸ்டெட் நகர்ந்திருக்குன்னு பாருங்க. காப்பர் தடிமனுக்கு எதிரா அதை வரைஞ்சா, வழுக்கிக்கிட்டே இறங்கினா ஆரஞ்சுத்தோல். நடுவுல ஏறி இறங்கினா அலைவும் சேர்ந்திருக்கு. ஒரு தடிமன்ல திடீர்னு வளையமே தனியா இல்லாம ரெண்டு அடுக்கும் ஒண்ணாத் திரும்பினா, ஓட்டை.

என் பட்டியல்ல காப்பர் 1.6, 1.9, 2.2, 2.6, 3.2, 4.0. சமமான இடைவெளி வேண்டாம். கீழ நெருக்கமா, மேல தள்ளித் தள்ளி வைங்க.

சுதந்திர அடுக்கும் பின் அடுக்கும்

சுதந்திர அடுக்குல மாத்த வேண்டியது பெர்மலாயை மட்டும்தான். காப்பரை ஒட்டின 1 நானோமீட்டர் கோபால்ட்-இரும்பைத் தொடாதீங்க. பெர்மலாய்-காப்பர் எல்லையில அரை நானோமீட்டர் கோபால்ட் தூவினாலே சதவீதம் வெகுவா ஏறும்னு பார்க்கின் 1993-ல காட்டியிருக்கார். எல்லைதான் பெரும்பாலான வேலையைச் செய்யுது. அதை மாத்திட்டு பெர்மலாய் தடிமனால வந்ததுன்னு எழுதினா, பரிசோதகர் விடமாட்டார்.

பெர்மலாய்ல ஒரு ஸ்பின் எலக்ட்ரான் நாலஞ்சு நானோமீட்டர் ஓடும், எதிர் ஸ்பின் ஒரு நானோமீட்டர்கூட ஓடாது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய, நீள ஓட்டக்காரனுக்கு இடம் வேணும். அடுக்கு ரொம்ப மெலிசா இருந்தா அவனும் கீழ இருக்கிற டான்டலத்துல போய் முட்டிடுவான், ரெண்டு ஸ்பினும் ஒண்ணாயிடும். தடிமன் ஏற ஏற கடத்தல் வித்தியாசம் ஏறி, அப்புறம் மட்டமாயிடும். சதவீதமோ ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். ரெண்டு கோட்டையும் பக்கத்துப் பக்கத்துல வரைஞ்சு வைங்க. உங்க ப்ராஜெக்டுலயே நல்ல படம் அதுதான். 1, 2, 4, 7, 12 போதும். டான்டலத்தை ஒட்டின பெர்மலாய்ல கொஞ்சம் காந்தத்தன்மை இல்லாம செத்துப்போயிடும், ஒரு நானோமீட்டர் வரைக்கும் போகலாம். அதனால 1-ல வர்ற சாம்பிள் வேடிக்கை காட்டினா ஆச்சரியப்படாதீங்க.

ஒரு சரிபார்ப்பு. இந்த வரிசையில காப்பர் மாறலை, பிணைப்பும் மாறலை. அப்ப வளையம் நகர்ந்த அளவை சுதந்திர அடுக்கோட காந்தத் தடிமனால (செத்த பகுதியைக் கழிச்சது) பெருக்கினா எல்லா சாம்பிளுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வரணும். வரலைன்னா தடிமன் நீங்க நினைச்சது இல்லை.

பின் அடுக்கை ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுல மாத்த வேண்டாம்ங்கிறது என் அபிப்பிராயம். அங்க என்ன ஆகும்னு கணக்கே சொல்லிடும்: பிடிப்புப் புலம் தடிமனுக்கு எதிர்விகிதம். எல்லைப் பிணைப்பு சதுர மீட்டருக்கு 0.2 மில்லி ஜூல்னா, 2 நானோமீட்டர் கோபால்ட்-இரும்புக்கு 670 ஓர்ஸ்டெட் பக்கம், 4 நானோமீட்டருக்கு அதுல பாதி. இரிடியம்-மாங்கனீஸ் நாலுக்குக் கீழ போனா அறை வெப்பத்துல பிடிப்பு தளரும்; 8-க்கு மேல வெறும் ஷன்டிங். அவ்வளவுதான்.

மெஷின் இருக்கிற இடத்துல

ஆக, காப்பர் வரிசையில நடு சாம்பிள் (மேல சொன்ன அடிப்படை அடுக்கு) போக அஞ்சு, பெர்மலாய் வரிசையில நடு சாம்பிள் போக நாலு, நடு சாம்பிளே மூணு தடவை: காலையில முதல்ல, மதியம், கடைசியில. மொத்தம் பன்னிரண்டு. அந்த மூணுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க பிழைக் கோடு. தடிமன் ஏறு வரிசையில போடாதீங்க, கலைச்சுப் போடுங்க. காலையில இருந்து சாயங்காலத்துக்குள்ள சேம்பர் வெற்றிடம் மாறும். வரிசையாப் போட்டா அந்த மாற்றமும் தடிமன் விளைவு மாதிரியே வேஷம் போடும்.

வேகத்தை அங்க இருக்கிறவங்க சொல்ற பழைய எண்ணை நம்பி எடுத்துக்காதீங்க. காப்பரை மட்டும் 50 நானோமீட்டர் எதிர்பார்த்து ஒரு படலம் போட்டு, எக்ஸ்-ரே எதிரொளிப்புல அலைவுகளோட இடைவெளியைப் பாருங்க. காப்பர் குழாய்ல வர்ற 0.154 நானோமீட்டர் கதிருக்கு, 50 நானோமீட்டர் படலத்துல இரட்டைக் கோண அச்சுல இடைவெளி சுமார் 0.18 டிகிரி. வேகம் நொடிக்கு 0.1 நானோமீட்டர்னா ஷட்டர் ஒரு நொடி தாமதமாத் திறந்தாலே அரை அணுத்தளம் போச்சு. முடிஞ்சா வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்க, முகம் சுளிச்சாலும் பரவாயில்லை.

சாம்பிளுக்குப் பின்பக்கம் காந்தப்புலம் இருந்த திசைக்கு ஒரு அம்புக்குறி கீறிடுங்க. படலம் வளர்றப்ப பக்கத்துல வைக்கிற காந்தம்தான் பிடிப்புத் திசையைத் தீர்மானிக்குது. மதுரை வந்து சேர்ந்த பிறகு அதைக் கண்ணால கண்டுபிடிக்க வழியில்லை.

அளக்கிறது

நாலு முனை வரிசைப் புரோப், வெளி ரெண்டுல மின்னோட்டம், உள் ரெண்டுல மின்னழுத்தம். 1 மில்லி ஆம்பியர் விட்டா 16 ஓம் படலத்துல மூணரை மில்லி வோல்ட் வரும். 8% மாற்றம்னா 0.28 மில்லி வோல்ட். சாதாரண மூணரை இலக்க மல்டிமீட்டர் 0.1 மில்லி வோல்ட்தான் பிரிக்கும். வளையம்னு நீங்க வரையப் போறது மூணு படிக்கட்டு. மைக்ரோ வோல்ட் பிரிக்கிற மீட்டர் வேணும். ஷீட் ரெசிஸ்டன்ஸுக்கு 4.532-ஆல பெருக்குறது சாம்பிள் பெருசா இருந்தாத்தான் செல்லும். துண்டு சின்னதுன்னா திருத்தக் காரணி பாருங்க. சதவீதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனா கடத்தல் வித்தியாசத்துக்கு உண்டு.

புலத்தை அம்புக்குறி திசையிலயே கொடுங்க. அப்ப ரெண்டு முனை நிலையிலயும் காந்தத் திசை ஒரே கோட்டுல இருக்கிறதால பெர்மலாயோட சாதாரணக் காந்தத் தடைமாற்றம் கணக்கைக் கெடுக்காது.

சின்ன வளையத்துக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள். இதுக்கு கம்பெனிச் சாமான் வேண்டாம். பம்புசெட் மோட்டார் வைண்டிங் பண்ற கடை மதுரையைச் சுத்தி எந்த ஊர்லயும் இருக்கு. 5 சென்டிமீட்டர் ஆரத்துல, சுருளுக்கு 200 சுத்து எனாமல் காப்பர் கம்பி, ரெண்டு சுருள், நடுவுல 5 சென்டிமீட்டர் இடைவெளின்னு சொல்லிக் கேளுங்க. "எந்த மோட்டாருக்கு?"ன்னு கட்டாயம் கேட்பாங்க. 1 ஆம்பியருக்கு 36 ஓர்ஸ்டெட் கிடைக்கும். பின் அடுக்கைத் திருப்ப இது பத்தாது. அதுக்கு எல்லா எம்.எஸ்சி. லேப்லயும் குவின்கே முறைக்குன்னு (திரவத்தோட காந்த ஏற்புத்திறனை அளக்கிறது) ஒரு மின்காந்தம் இருக்கும்ல, அதை எடுங்க. ஆனா அதோட இரும்புல மிச்சக் காந்தம் நிக்கும், அதை வச்சு சின்ன வளையத்தை அளக்காதீங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டுத் தென்கோடி வழியாப் போறதால மதுரையில பூமியோட காந்தப்புலம் ஏறக்குறைய படுக்கையா, வடக்கு நோக்கி, 0.4 ஓர்ஸ்டெட் இருக்கும். ஐரோப்பாவுல படுக்கைப் பகுதி இதைவிடச் சின்னது, அதனால அங்கத்திய கையேட்டுல அதை விட்டிருக்கலாம். நீங்க தேடுற நகர்வே ரெண்டு மூணு ஓர்ஸ்டெட்னா இது கணிசம். சுருளோட அச்சைக் கிழக்கு மேற்கா வைங்க. இரும்பு மேசை வேண்டாம், மரப்பலகை போதும்.

வெயில் இன்னொரு எதிரி. படலத்தோட தடை டிகிரிக்கு 0.1% அளவுல ஏறும். சித்திரை மாசத்துல ஏ.சி. நின்னு நின்னு ஓடினா மூணு நாலு டிகிரி சாதாரணமா ஆடும். புலத்தை ஏத்தியும் இறக்கியும் ரெண்டு வழியிலயும் அளந்து, ரெண்டு முனையும் ஒரே தடைக்கு வருதான்னு பாருங்க. வரலைன்னா அந்த வளையத்தைத் தூக்கிப் போட்டுட்டு, காலையில சீக்கிரம் வந்து திரும்ப அளங்க.

காப்பர் வரிசைக்குக் கோடு பொருத்துறப்ப விரிதாள்ல ரெண்டு காரணி: மேல ஒரு அடுக்குக்குறி இறக்கம், கீழ 1-ம் தடிமனை ஒரு நிலையான தடிமனால வகுத்ததும் சேர்ந்த கூட்டல். முதலாவது காப்பருக்குள்ள நடக்கிற சிதறல், ரெண்டாவது ஷன்டிங். அந்த நிலையான தடிமனைச் சும்மா விட்டுப் பொருத்தாதீங்க, ரெண்டு காரணியும் ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டி எந்த எண்ணையும் கொடுக்கும். அளந்த ஷீட் ரெசிஸ்டன்ஸ்ல இருந்து அதைக் கட்டிப்போட்டுட்டு மத்ததைத் தேடுங்க. 1.6, 1.9 புள்ளிகளைப் படத்துல காட்டுங்க, பொருத்துறதுல சேர்க்காதீங்க. சேர்க்காததுக்குக் காரணமா வளைய நகர்வுப் படத்தை அதுக்குப் பக்கத்துலயே வைங்க.